வீட்டிலேயே செய்யும் மீன் தொட்டிக்குப் பார்வைக் கண்ணாடி: எதை வாங்குவது, எவ்வளவு தடிமன், எப்படிப் பொருத்துவது

என்னுடைய முதல் பெரிய தொட்டியை ப்ளைவுட்டில் செய்தேன். நீளம் 120 செ.மீ., தண்ணீர் 60 செ.மீ. உயரம். முன்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி, மேல் விளிம்பில் சட்டம் எதுவும் இல்லை. வீட்டில் சும்மா கிடந்த 8 மி.மீ. மேசைக் கண்ணாடியைத்தான் அங்கே வைத்தேன். நான்கு மாதம் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஐந்தாம் மாதம் ஓர் அதிகாலையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மேல் விளிம்பிலிருந்து அடி வரை கண்ணாடி பிளந்து, தொட்டித் தண்ணீர் மொத்தமும் தரையில் கிடந்தது. 11 மீன்கள் செத்துப்போயின.

நான்கு மாதம் தாங்கிய கண்ணாடி அன்றைக்கு மட்டும் ஏன் உடைந்தது என்ற கேள்வி என்னை விடவே இல்லை. அதற்கு விடை தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ப்ளைவுட், சிமெண்ட், ஃபைபர் என்று எதில் தொட்டி கட்டினாலும் சரி, முழுக் கண்ணாடித் தொட்டியானாலும் சரி, பார்வைப் பக்கத்துக்கான கணக்கு ஒன்றுதான்.

படி 1: முதலில் தண்ணீரின் உயரத்தை முடிவு செய்யுங்கள்

தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதிலிருந்துதான் பெரும்பாலானோர் தொடங்குகிறார்கள். கண்ணாடிக்கு அது தேவையே இல்லாத எண். தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. தொட்டி முன்னிருந்து பின்னுக்கு 40 செ.மீ. அகலமாக இருந்தாலும் 2 மீட்டர் அகலமாக இருந்தாலும் முன்கண்ணாடி மீது விழும் சுமை ஒன்றேதான்.

உயரம் அப்படியில்லை. 120 செ.மீ. நீளத் தகட்டில் தண்ணீர் 30 செ.மீ. நின்றால் மொத்தத் தள்ளுவிசை சுமார் 54 கிலோ. 45 செ.மீ. என்றால் 121 கிலோ. 60 செ.மீ. என்றால் 216 கிலோ. உயரம் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு. அதுவும் ஒரு நொடி அழுத்திவிட்டு விலகும் சுமை இல்லை. இரவும் பகலும் வருடக்கணக்காக அங்கேயே நிற்கும்.

அதனால் உயரத்தில் கைவைக்கலாமா என்று முதலில் யோசியுங்கள். 60 செ.மீ. என்று நினைத்திருந்ததை 50 ஆக்கிவிட்டு, குறைந்த தண்ணீரை அகலத்தில் கூட்டிக்கொண்டால் கண்ணாடிச் செலவு இறங்கும், ஆபத்தும் இறங்கும். மீன்களுக்கும் உயரத்தைவிட நீந்திப்போக இடம்தான் பெரும்பாலும் முக்கியம்.

படி 2: பொருளைத் தேர்ந்தெடுப்பது

கடையில் எல்லாரும் கேட்கும் கேள்வி ‘எது ரொம்ப ஸ்ட்ராங்?’ என்பது. நான் இப்போது வேறு இரண்டைக் கேட்கிறேன். இது உடைந்தால் எப்படி உடையும்? தொடர்ந்து சுமை இருந்தால் வருடங்கள் போகப்போக இதற்கு என்ன ஆகும்?

சாதாரண ஃப்ளோட் கண்ணாடி

ஜன்னலுக்குப் போடும் அதே சாதாரணத் தட்டைக் கண்ணாடி. வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு என் பரிந்துரை இதுதான். கீறல் எளிதில் விழாது, வயதானால் மஞ்சளாகாது, சிலிகோன் பசை நன்றாகப் பிடிக்கும், வேண்டிய அளவில் வெட்டலாம், துளை போடலாம். உடைந்தாலும் பல நேரங்களில் ஒரு நீள விரிசலோடு நிற்கும். சில சமயம் தண்ணீரை இறைத்து மீனைக் காப்பாற்ற அவகாசம் கிடைக்கும். எனக்கு அது கிடைக்கவில்லை, ஆனால் கிடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதன் பலவீனம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியின் மேற்பரப்பில், குறிப்பாக வெட்டிய விளிம்பில், நுண்ணிய வெடிப்புகள் எப்போதும் இருக்கும். சுமை தொடர்ந்து இருக்கும்போது, ஈரப்பதம் அந்த வெடிப்பின் நுனியில் வேலை செய்து அதை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டே போகும். அதனால்தான் ஒரு நிமிடம் தாங்கும் சுமையை அதே கண்ணாடி பல வருடம் தாங்காது. என் மேசைக் கண்ணாடியின் மேல் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. விரிசல் தொடங்கியது சரியாக அந்த இடத்தில். நான்கு மாதமும் அது உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் பச்சை நிறம் கண்ணாடியில் உள்ள இரும்பால் வருவது. 12 மி.மீ.க்கு மேல் போனால் அந்தப் பச்சை மீனின் நிறத்தையே சற்று மாற்றிக் காட்டும். இரும்பு குறைந்த ‘எக்ஸ்ட்ரா கிளியர்’ வகையில் அது இருக்காது. பலத்தில் வித்தியாசம் இல்லை, தடிமனைக் குறைக்க அது ஒரு காரணமும் இல்லை.

டஃபன்டு கண்ணாடி

டெம்பர்டு என்றும் சொல்வார்கள். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து மேற்பரப்பை இறுக்கிய கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியைவிட 4 முதல் 5 மடங்கு பலம். ஆனால் உடையும்போது மொத்தத் தகடும் ஒரே நொடியில் சிறு சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். தண்ணீர் மொத்தமும் அப்போதே வெளியே வந்துவிடும். கண்ணாடிக்குள் சிக்கிய ஒரு நிக்கல் சல்ஃபைடு துகள் போதும், எந்த அடியும் படாமலே என்றோ ஒருநாள் தானாக உடைவதற்கு. டஃபன் செய்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. இன்னொன்று, பலம் கூடினாலும் விறைப்பு கூடாது. ‘டஃபன்டுதானே’ என்று மெல்லியதாக வைத்தால் முன்பக்கம் பிதுங்கி, சிலிகோன் இணைப்புதான் அந்த வேதனையை வாங்கும்.

பழைய குளியலறைக் கதவு, மேசைப் பலகை, கடை ஷோகேஸ் என்று இரண்டாம் கை கண்ணாடி கிடைத்தால் அது டஃபன்டா என்று முதலில் பாருங்கள். மூலையில் சிறு முத்திரை இருக்கலாம். இல்லையென்றால் கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் முன் கண்ணாடியைப் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். திட்டுத் திட்டாகவோ பட்டை பட்டையாகவோ நிழல் தெரிந்தால் அது டஃபன்டு.

லேமினேட்டட் கண்ணாடி

இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் படலம் பிடித்துக்கொள்ளும் என்பது பெரிய நன்மை. குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் பெரிய தொட்டி வைப்பவர் இதை யோசிக்கலாம். ஆனால் விளிம்பு வழியே ஈரம் ஏறினால் படலம் ஓரத்திலிருந்து பால் நிறமாக வெளுத்து, பிரிந்துவர ஆரம்பிக்கும். வினிகர் வாசனை வரும் சிலிகோனும் அந்தப் படலத்தைப் பாதிக்கக்கூடும். விளிம்புக்கு நியூட்ரல் வகை சிலிகோன்தான் வேண்டும். 6+6 என்பதை முழு 12 மி.மீ.க்குச் சமமாகக் கணக்கிடவும் கூடாது.

அக்ரிலிக்

கண்ணாடி மாதிரி இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் தகடு. கண்ணாடியில் பாதி எடை, நல்ல தெளிவு, அடி தாங்கும். உலகின் பெரிய மீன் காட்சியகங்களெல்லாம் இதைத்தான் நம்புகின்றன. ஜப்பானில் ஒகினாவா சுராவ்மி காட்சியகத்தின் பெரிய பார்வைப் பலகை 8.2 மீட்டர் உயரம், 22.5 மீட்டர் அகலம், 60 செ.மீ. தடிமன். அந்த அளவில் கண்ணாடியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

வீட்டளவில் இதன் சிக்கல் வளைவு. ஒரே தடிமனில் அக்ரிலிக் கண்ணாடியைவிட 20 மடங்குக்கு மேல் வளையும். 120 × 60 (நீளம் × தண்ணீர் உயரம், செ.மீ.) தொட்டியில் 12 மி.மீ. கண்ணாடி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பிதுங்கும் இடத்தில் அதே தடிமன் அக்ரிலிக் 8 மி.மீ.க்கு மேல் பிதுங்கும். சுமை நீடிக்க நீடிக்க அந்த வளைவு இன்னும் கொஞ்சம் கூடும். ஆகவே மேல் விளிம்பைச் சுற்றி அகலமான சட்டம் கொடுத்து, தடிமனையும் கூட்டித்தான் பயன்படுத்த வேண்டும்.

வெப்பத்துக்கு விரிவதும் அதிகம். ஒன்றரை மீட்டர் அக்ரிலிக் தகடு 20 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 2 மி.மீ. நீளும், கண்ணாடி கால் மி.மீ. தான். சட்டத்தில் இறுக்கித் திருகிவிட்டால் திருகுத் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். தண்ணீரையும் கொஞ்சம் உறிஞ்சும். நிரம்பியிருந்த பெரிய அக்ரிலிக் தொட்டியைக் காலி செய்து நீண்ட நாள் காயவிடுவது நல்லதில்லை என்பது இதனால்தான். 2022 டிசம்பர் 16 அன்று பெர்லினில் 10 லட்சம் லிட்டர் பிடிக்கும் அக்வாடோம் என்ற உருளை வடிவ அக்ரிலிக் மீன் தொட்டி உடைந்தது. ஒரே காரணம் என்று ஆய்வில் உறுதியாகவில்லை. ஆனால் பழுதுபார்ப்பின்போது காலியாக இருந்த நாட்களில் அக்ரிலிக் உலர்ந்துபோனதும் பரிசீலிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று.

வாங்குவதென்றால் வார்ப்பு அக்ரிலிக், அதாவது ‘காஸ்ட்’ என்று கேட்டு வாங்குங்கள். இழுத்துச் செய்த ‘எக்ஸ்ட்ரூடட்’ வகை உள்ளழுத்தத்தோடு வருவதால், ஒட்டும் கரைப்பான் பட்டாலே நுண்விரிசல் விடும். காஸ்ட் ஷீட்டில் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். 10 மி.மீ. என்று விற்பது 9 ஆகவும் இருக்கும். காலிப்பரால் நாலு இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள். ஆமை, பிளெக்கோ (சுவரை உரசிப் பாசி தின்னும் கெளுத்தி வகை மீன்), கடல் முள்ளெலி வளர்ப்பவர்கள் அக்ரிலிக் பக்கமே போக வேண்டாம், உள்முகம் முழுக்கக் கீறல் ஆகிவிடும்.

வேண்டவே வேண்டாதவை

பாலிகார்பனேட் சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்று காட்டி விற்பார்கள். உண்மைதான். ஆனால் அக்ரிலிக்கைவிட இன்னும் அதிகம் வளையும், துணியால் துடைத்தாலே கீறும், வெயில் பட்டால் மஞ்சளாகும். தொட்டிக்கு வரும் சுமை அடி இல்லை, தொடர்ந்த தள்ளுதல். அதற்கு இது பொருந்தாது.

கம்பி வலை பதித்த கண்ணாடி பார்க்க உறுதியாகத் தெரியும், உண்மையில் சாதாரணக் கண்ணாடியைவிடப் பலம் குறைவு. பூ வேலைப்பாடு உள்ள கண்ணாடி, வாகனக் கண்ணாடி, இரட்டைத் தகடு ஜன்னல் எல்லாம் ஒதுக்குங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியின் முதுகுப் பூச்சில் உலோகமும் பெயிண்டும் இருக்கும், அது தண்ணீரில் இறங்கக் கூடாது. வெப்பம் தடுக்கும் பூச்சு, கலர் ஃபிலிம் ஒட்டிய ஜன்னல் கண்ணாடிக்கும் இதே பதில்.

படி 3: தடிமனைக் கணக்கிடுவது

கண்ணாடித் தொட்டிக்கு நெடுநாளாகப் பயன்படும் ஒரு கணக்கு இருக்கிறது. மேலே சட்டம் இல்லாமல் மூன்று பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தகட்டுக்கானது. தண்ணீர் உயரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே மூன்று முறை பெருக்கி, 1,00,000 ஆல் வகுங்கள். வருவதை ஒரு காரணியால் பெருக்கி, 5.05 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் மில்லிமீட்டரில் தடிமன்.

காரணி நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. நீளமும் உயரமும் சமமானால் 0.16. ஒன்றரை மடங்கு என்றால் 0.26. இரண்டு மடங்கு 0.32. இரண்டரை 0.35. மூன்று மடங்கும் அதற்கு மேலும் 0.37.

5.05 எங்கிருந்து வருகிறது? கண்ணாடி வளையும்போது தாங்கும் அளவு ஒரு சதுர மி.மீ.க்கு 19.2 நியூட்டன் என்று வைத்து, அதை 3.8 என்ற பாதுகாப்பு எண்ணால் வகுத்திருக்கிறார்கள். 3.8 மடங்கு என்பது வீண் பயம் இல்லை. முன்னே சொன்ன மெல்ல வளரும் வெடிப்பு, விளிம்புச் சில்லு, மட்டமில்லாத ஸ்டாண்டு எல்லாம் சாப்பிடப் போவது இந்த இடைவெளியைத்தான்.

என் தொட்டியையே போட்டுப் பார்ப்போம். 600 × 600 × 600 = 21,60,00,000. 1,00,000 ஆல் வகுத்தால் 2,160. விகிதம் இரண்டு, ஆகவே 0.32 ஆல் பெருக்கினால் 691. 5.05 ஆல் வகுத்தால் 137. வர்க்கமூலம் 11.7. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 12 மி.மீ. நான் வைத்த 8 மி.மீ.க்கு பாதுகாப்பு எண் 3.8க்குப் பதில் வெறும் 1.8. அதே இடத்தில் 6 மி.மீ. வைத்திருந்தால் சரியாக 1. அதாவது பாதுகாப்பே கிடையாது.

60 × 30 தொட்டிக்கு 4.1 வரும். 5 மி.மீ. போதும், நான் 6 வைப்பேன். 90 × 45க்கு 7.6, ஆகவே குறைந்தது 8. 120 × 45க்கு கணக்கு சரியாக 8ஐத் தொடுவதால் 10க்குப் போங்கள். 150 × 75க்கு 16.3, அதாவது 19 மி.மீ. இந்த இடத்தில் கண்ணாடியைத் தூக்கவே நாலு பேர் வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ப்ளைவுட் தொட்டியில் ஜன்னல் மாதிரி நாலு பக்கமும் சட்டத்தில் தகடு உட்காருமானால் சுமை குறையும். அப்போதும் நான் இதே கணக்கைத்தான் போடுகிறேன், ஜன்னலின் அடியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை உயரமாக எடுத்து. கொஞ்சம் தடிமன் கூடும், அதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டு 6 மி.மீ. தகடுகளைச் சேர்த்து வைத்தால் 12 ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி ஆகாது. பலத்தில் 12 மி.மீ. தகட்டில் பாதி, விறைப்பில் கால்வாசி.

படி 4: வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியது

விளிம்பு நாலையும் வெளிச்சத்தில் விரலால் தடவாமல் கண்ணால் பாருங்கள். சில்லு பெயர்ந்த தகடு வேண்டாம். விளிம்பை உரசி மழுங்கடித்து, முடிந்தால் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள். கைக்குப் பாதுகாப்பு என்பதோடு, விரிசல் தொடங்கும் இடங்களும் குறைகின்றன.

பழைய தகட்டில் லேசான கீறல் இருந்தால் அந்த முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்புங்கள். தண்ணீர் உள்ளிருந்து தள்ளும்போது தகட்டின் நடுப்பகுதியில் வெளிமுகம் இழுபடுகிறது, உள்முகம் நசுங்குகிறது. இழுபடும் முகத்தில் உள்ள கீறல்தான் விரியும். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல் என்றால் எந்தப் பக்கமும் வேண்டாம்.

படி 5: சட்டமும் சிலிகோனும்

தகட்டை எப்போதும் உள்ளிருந்து பொருத்துங்கள். தண்ணீர் அதைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்த வேண்டும், வெளியே உருவக் கூடாது. சட்டத்தின் மேல் குறைந்தது 5 செ.மீ. உட்காரட்டும். உட்காரும் தளம் மட்டமாக இருக்க வேண்டும். ஒரு திருகுத் தலை துருத்திக்கொண்டிருந்தால் போதும், மொத்தச் சுமையும் அந்தப் புள்ளியில் விழும்.

கண்ணாடி சட்டத்தை நேரடியாகத் தொடக் கூடாது. நடுவே 3 மி.மீ. அளவுக்குச் சிலிகோன் மெத்தை வேண்டும். அதே தடிமனில் சிறு ரப்பர் துண்டுகளை இடைவெளி விட்டு வைத்துவிட்டு அழுத்தினால் சிலிகோன் முழுக்கப் பிதுங்கி வெளியேறாது.

சிலிகோன் டியூபைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 100% சிலிகோன், பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காதது. குளியலறை, சமையலறைக்கென்று விற்பதில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும், அது மீனுக்கு விஷம். பழைய சிலிகோன் மீது புது சிலிகோன் ஒட்டாது, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். எபாக்ஸி (தண்ணீர் புகாத பிசின்) பூசிய ப்ளைவுட் என்றால், எபாக்ஸி முழுக்க இறுகிய பிறகு லேசாக உப்புத்தாள் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

அக்ரிலிக்கில் சிலிகோன் சரியாகப் பிடிக்காது. உள்ளிருந்து தண்ணீர் அழுத்தும் ஜன்னலில் அது வாஷர் மாதிரி வேலை செய்யும், அவ்வளவுதான். முழு அக்ரிலிக் தொட்டியை கரைப்பான் பசையால்தான் இணைக்க வேண்டும், அதன் ஆவி கெட்டது, திறந்த இடத்தில் செய்யுங்கள். ஆல்கஹாலும் அம்மோனியா கலந்த கிளீனரும் அக்ரிலிக்கில் வலைவலையாக விரிசல் விடும். கண்ணாடியைத் துடைக்கும் பாட்டிலை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

படி 6: நிரப்பிப் பார்ப்பது

சிலிகோன் காற்றின் ஈரத்தை வாங்கி ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் இறுகும். தகட்டுக்கு அடியில் 5 செ.மீ. அகலத்துக்குப் போட்டிருக்கிறீர்கள் என்பதை நினைவில் வைத்து, மேலே தொட்டுப் பார்த்து ஏமாறாமல், வாரக்கணக்கில் பொறுங்கள். வினிகர் வாசனை வகை என்றால் வாசனை முழுக்கப் போகும் வரையாவது தண்ணீர் வேண்டாம்.

அப்புறம் தொட்டியை, தண்ணீர் கொட்டினாலும் கெடாத இடத்தில், மட்டம் பார்த்து வையுங்கள். கால்வாசி நிரப்பி ஒரு நாள். பாதி நிரப்பி ஒரு நாள். முக்கால், முழுசு என்று ஒவ்வொரு கட்டத்திலும் 24 மணி நேரம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் முன்பக்கத்தின் மேல் விளிம்பில் நேரான அலுமினியக் கட்டையை வைத்து, எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். கண்ணாடி என்றால் முழுசாக நிரம்பிய பிறகு அந்த எண் நின்றுவிட வேண்டும். அக்ரிலிக்கில் முதல் சில நாட்கள் கொஞ்சம் நகரும், பிறகு அதுவும் நிற்க வேண்டும். நகர்ந்துகொண்டே இருந்தால் தண்ணீரை இறக்கிவிட்டு மேல் சட்டத்தை பலப்படுத்துங்கள்.

முழுசாக ஒரு வாரம் நின்ற பிறகு அந்தத் தண்ணீரை வெளியேற்றி, தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். இப்போது என் வீட்டில் இருக்கும் தொட்டியில் 12 மி.மீ. கண்ணாடி. நிரப்பிய நாளில் அளந்த பிதுக்கத்தை ஸ்டாண்டின் உள்கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன், தண்ணீர் மாற்றும் நாளில் கட்டையை வைத்து மறுபடி அளந்து, பக்கத்திலேயே தேதி போட்டு எழுதிவிடுவேன்.